உஷார்! பொன்முடிக்குக் கறியோடு கிளம்புகிறீர்களா?

டிக்கியில் கறி இருக்கிறதா? மசாலா தடவி, கேரி பேக்கில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறீர்களா?

அப்படியானால் சாவியைக் கீழே வையுங்கள். இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி ஏறும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். கேரள வண்டிகளுக்கு நடுவே டிஎன் 74, டிஎன் 75, டிஎன் 72 என்று நம் ஆட்கள் சாரை சாரையாகப் போவார்கள். கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே தேயிலைத் தோட்டம், முகத்தில் மோதும் மஞ்சு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். வீடு எடுத்துத் தங்கி, சமைக்க இடம் கேட்டு, கறியையும் ஊரிலிருந்தே கொண்டுபோய்விடுகிறோம். "மலை மேல குளிருதுல்ல, கறிக்கு என்ன ஆகப்போகுது?"

ஆகும். ரொம்பவே ஆகும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நாகர்கோவில் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட லீவில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் சேர்ந்து கிளம்பினார்கள். விடியற்காலையில் கறிக்கடையில் நின்று, கண் முன்னால் அறுக்கச் சொல்லி, சூடு ஆறாத ஆட்டுக்கறி மூன்று கிலோ வாங்கினார்கள். அண்ணன் முன்ஜாக்கிரதைக்காரர். கெட்டுவிடக் கூடாதே என்று, துண்டு போட்ட கையோடு தெர்மாகோல் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்துவிட்டார். தம்பி மனைவி கோழியைப் பார்த்துக்கொண்டார். எலும்பில்லாத கறி இரண்டு கிலோ. தயிர், மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசைந்து பையில் கட்டியாயிற்று. ஐஸ் பெட்டியில் இடமில்லை. டிக்கிக்குப் போனது. "மசாலா போட்டாச்சுல்ல, தாங்கும்."

களியக்காவிளையில் டிபன். நெய்யாற்றின்கரையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மணி நேரம். வண்டி வெயிலில் நின்றது. பொன்முடி போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. ஆட்டுக்கறி குக்கரில் ஏறியது. ஆறு விசில். வேகவில்லை. இன்னும் ஆறு. மென்று மென்று தாடை வலித்ததுதான் மிச்சம். கடைக்காரர் கிழட்டு ஆட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டித் தீர்த்தார்கள்.

சாயங்காலம் கோழியைக் கரியில் சுட்டார்கள். வெளியே கருகல். உள்ளே இளஞ்சிவப்பு. பசி, குளிர், கும்மாளம். அந்த இருட்டில் யார் பிட்டுப் பார்த்தார்கள்?

ராத்திரி பதினொரு மணிக்குச் சின்னவனுக்கு முதல் வாந்தி. அடுத்து அவன் அக்காவுக்கு. அப்புறம் பெரியவர்களுக்கு. மஞ்சு மூடிய இருட்டில் அந்த 22 வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். சின்னவனுக்கு உடம்பில் தண்ணீர் வற்றி, டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் பட்ட பாட்டைத் தம்பி மனைவி சொல்லச் சொல்ல எனக்கே வயிறு கலங்கியது. பிள்ளை பிழைத்தான். சாமி புண்ணியம்.

"சித்தி, கண்ணு முன்னால அறுத்த ஆடு. அன்னைக்குக் காலையில உரிச்ச கோழி. இதுக்கு மேல ஃபிரெஷ்ஷா என்ன சித்தி வேணும்?" என்று கேட்டாள்.

நாம் எல்லோருமே வழுக்கி விழும் இடம் இதுதான். அறுத்த உடனே வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். இல்லை. அப்போதுதான் தொடங்குகிறது.

ஆடு செத்துவிட்டது. தசை இன்னும் சாகவில்லை.

இதயம் நின்றதும் தசைக்கு ஆக்சிஜன் வருவது நின்றுவிடும். ஆனால் தசைக்குள் கிளைகோஜன் என்று ஒரு சேமிப்புச் சர்க்கரை இருக்கிறது. அதை ஆக்சிஜன் இல்லாமலே தசை எரித்துக்கொண்டிருக்கும். எரிந்தால் லாக்டிக் அமிலம் உண்டாகும். உயிருள்ள உடம்பில் ரத்தம் அந்த அமிலத்தைக் கொண்டுபோய்விடும். இங்கே ஏது ரத்த ஓட்டம்? அமிலம் அங்கேயே தேங்கும். ஏழுக்குப் பக்கத்தில் இருந்த பிஹெச் (அமிலம் ஏற ஏறக் குறையும் அளவு) மெல்ல மெல்ல ஐந்தரை வரை இறங்கும். ஆட்டிலும் மாட்டிலும் இதற்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும்.

இந்த அமிலம் உங்களுக்குக் காவல். அதுதான் கிருமிகளை மட்டுப்படுத்துகிறது. நினைவில் வையுங்கள், மறுபடி இதற்கு வருகிறேன்.

இன்னொரு பக்கம், ஏடிபி என்ற சக்திப் பொருள் தீர்ந்துகொண்டே வரும். தசையில் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகை இழைகள். இரு கை விரல்களைக் கோத்துக்கொள்வதுபோல இவை கோத்துக்கொள்ளும். பிரிய வேண்டுமானால் ஏடிபி வேண்டும். அது தீர்ந்ததும் கோத்தது கோத்தபடியே நின்றுவிடும். பிண விறைப்பு என்கிறோமே, அதுதான். கோழிக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். ஆட்டுக்குச் சில மணி நேரத்திலிருந்து அரை நாள் வரை ஆகும். மாட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூட. பிறகு தசையிலேயே இருக்கும் கால்பெயின் என்ற நொதிகள் இழைகளின் இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் கறியை மறுபடி மிருதுவாக்கும்.

அறுத்த கொஞ்ச நேரத்திலேயே அடுப்பில் ஏறிவிட்டால் விறைப்பு அவ்வளவாகத் தெரியாது. ஒரு நாள் குளிரில் கிடந்து பக்குவமானாலும் தெரியாது. நடுவில் மாட்டினால்தான் வினை. காலையில் அறுத்து மத்தியானம் சமைக்கிற நம் உல்லாசப் பயணக் கறி சரியாக அந்த நடுவில் போய் உட்காருகிறது.

அண்ணன்காரர் ஒரு படி மேலே போனார். சூடு ஆறாத கறியை, அதுவும் சின்னச் சின்னத் துண்டாக்கி, நேரே ஐஸில் போட்டார். ஏடிபி இன்னும் மிச்சமிருக்கும்போதே தசை சட்டென்று குளிர்ந்தால் உள்ளே அடைந்திருக்கும் கால்சியம் கசிந்துவிடும். தசை வெறித்தனமாகச் சுருங்கும். சுருங்கினபடியே விறைத்துவிடும். இது நியூசிலாந்துக்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்கு உறைய வைத்து அனுப்பிய ஆட்டுக்கறி கடிபடாமல் போய் புகார் வந்தபோது ஆராய ஆரம்பித்தார்கள். லாக்கர், ஹாக்யார்ட் என்ற இரண்டு பேர் 1963-இல் மாட்டுத் தசையை வெவ்வேறு குளிரில் வைத்து அளந்தார்கள். 2 டிகிரியில் வைத்த தசை நீளத்தில் ஏறக்குறைய பாதி சுருங்கிவிட்டது. மிகக் குறைவாகச் சுருங்கியது எங்கே தெரியுமா? 14 முதல் 19 டிகிரிக்குள்.

அதாவது, கிட்டத்தட்ட நம் பொன்முடியின் குளிர்காலக் காற்று.

இங்கேதான் என் பயம் ஆரம்பிக்கிறது. அந்தக் குளிர் தசைக்கு நல்லது. கிருமிக்கும் நல்லது! உணவில் கிருமி பெருகும் ஆபத்தான வெப்பம் 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை. பொன்முடியில் போர்வைக்குள் நீங்கள் நடுங்கினாலும், அது 5 டிகிரி இல்லை. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு அளவுக்குக்கூட அங்கே குளிர் இல்லை.

மலைக் காற்று ஃப்ரிட்ஜ் அல்ல!

அடிவாரம் இன்னும் மோசம். களியக்காவிளையிலும் நெடுமங்காட்டிலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் வெளியே இருப்பதைவிடப் பல டிகிரி கூட ஏறும். தோதான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டாகும். ஒன்றே ஒன்று இருந்தால் நாலு மணி நேரத்தில் நாலாயிரம். கோழி வாங்கும்போது ஒன்றா இருக்கும்? எலும்பில்லாத கறியில் எல்லாப் பக்கமும் கத்தி பட்டிருக்கிறது, கட்டை பட்டிருக்கிறது, கை பட்டிருக்கிறது. தயிரும் எலுமிச்சையும் மேலே கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். மசாலா மருந்து இல்லை, தாயி.

வெந்தால் எல்லாம் செத்துப்போகும் என்று சொல்லாதீர்கள். கிருமி சாகும். ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்றவை ஏற்கெனவே கக்கி வைத்த நஞ்சு சாகாது. குக்கரில் எத்தனை விசில் வைத்தாலும் அது அப்படியே இருக்கும்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். உடனே ஐஸில் வைத்தால் ரப்பராகிறது, வைக்காவிட்டால் விஷமாகிறது, பிறகு என்னதான் செய்ய? வெளிநாட்டுக் கறிக்கூடங்களில் பத்துக்குப் பத்து என்று ஒரு கணக்கு உண்டு: அறுத்து 10 மணி நேரம் ஆகும்வரை கறியின் சூடு 10 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. சிலர் உரித்த உடலில் மின்சாரம் பாய்ச்சி, தசைச் சர்க்கரையைச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறார்கள். அதெல்லாம் சுத்தமான கூடத்தில், முழு உடலாகத் தொங்கவிட்டு, ஆள் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு. ஈ மொய்க்கும் கடையில் துண்டு போட்ட கறிக்கு அந்தக் கணக்கு செல்லாது. நம் நிலைமையில் நான் ஐஸ் பக்கம்தான். கடினமான கறியை இன்னும் அரை மணி வேகவைக்கலாம். பிள்ளையின் குடலை என்ன செய்வீர்கள்?

ஆனால் ஒன்று. அறுத்த சூட்டோடு நேரே ஃப்ரீசரில் மட்டும் தள்ளாதீர்கள். விறைப்பு வருவதற்கு முன்பே உறைந்த தசை, ஐஸ் உருகும்போது ஒரேயடியாகச் சுருங்கித் தண்ணீராக வடித்துவிடும். பாத்திரத்தில் சிவப்புத் தண்ணீர் குளமாக நிற்கும். (அது ரத்தமில்லை. மயோகுளோபின் என்ற தசை நிறமி கலந்த நீர். பயந்து கொட்டிக் கொட்டிக் கழுவினால் அந்தக் கிருமித் தண்ணீர் சமையல் மேடை முழுக்கத் தெறிப்பதுதான் மிச்சம்.)

இனி, நீங்கள் வாங்குவதற்கு முன்பே நடந்துவிடும் ஆபத்து. இதைக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். பாதிப் பேருக்கு அவர்களுக்கே தெரியாது.

அந்த ஆடு தன் கடைசி நாளை எப்படிக் கழித்தது?

தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் நேரத்தில் எட்டயபுரம் சந்தையிலும் மற்ற சந்தைகளிலும் ஆடுகளை ஏற்றுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மூச்சு முட்ட அடைத்து, ராத்திரி முழுக்க நின்றபடி, தண்ணீர் இல்லாமல். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளம் போகும் மாடுகளும் அப்படியே. ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 1978-லிருந்து விதி இருக்கிறது. அறுப்பதற்கு முன் 24 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு அறுவைக்கூட விதி சொல்கிறது. ரோட்டில் பார்த்தால் தெரியும், விதிக்கு என்ன மதிப்பு என்று.

பயந்து, பட்டினி கிடந்து, நின்று நின்று தள்ளாடிய விலங்கின் தசையில் சர்க்கரை தீர்ந்துபோயிருக்கும். சர்க்கரை இல்லையென்றால் அமிலம் இல்லை. அமிலம் இல்லையென்றால், மேலே சொன்னேனே, காவல் இல்லை. பிஹெச் ஆறுக்கு மேலேயே நின்றுவிடும். அந்தக் கறி கறுஞ்சிவப்பாக, இறுக்கமாக, மேலே உலர்ந்து, கத்தியில் ஒட்டும். பார்ப்பதற்கு ஜோராக இருக்கும்! "நாட்டு ஆடு, நிறத்தைப் பாருங்க" என்று கூடுதல் விலைகூடக் கேட்பார்கள். ஆனால் கிருமிக்குத் தின்னச் சர்க்கரை கிடைக்காததால் அது நேரே புரதத்தில் வாய் வைக்கும். நல்ல கறி நாற ஆரம்பிப்பதற்கு வெகு முன்பே இது நாறிவிடும். காலையில் வாங்கிச் சாயங்காலம் சமைக்கும் பயணக்காரருக்கு இதைவிட மோசமான கறி கிடையாது.

இதற்கு நேர் எதிரும் உண்டு. பன்றியில் அதிகம், பிராய்லர் கோழியிலும் வரும். அறுக்கும் நிமிஷத்தில் வெருண்டு துடித்தால் சர்க்கரை மடமடவென்று எரிந்து, உடல் சூடாக இருக்கும்போதே அமிலம் ஏறிவிடும். சூடும் அமிலமும் சேர்ந்து புரதத்தைக் குலைத்துவிடும். கறி வெளிறி, தொளதொளவென்று தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். சாப்பிட்டால் விஷம் என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறீர்கள்.

நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்பதையும் ஒரு தடவை யோசியுங்கள். 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் 2,000 கிலோவுக்கும் மேல் கறி பிடிபட்டது. ராஜஸ்தான் ஜோத்பூரிலிருந்து வந்தது. மீன் என்று பதிந்து அனுப்பியிருந்தார்கள். நீளமாக மெலிந்த வாலைப் பார்த்து "நாய்க்கறி" என்று ஊரே அலறியது. பிரியாணிக் கடைகள் காற்று வாங்கின. கடைசியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்துச் சொன்னது: அது ஆட்டுக்கறிதான். எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம்.

ஏன் விட்டோம்? தேசத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, மீன் என்று பெயர் சொல்லி ரயிலில் வந்த கறி, வழியெல்லாம் எத்தனை டிகிரியில் இருந்தது என்று யாராவது கேட்டார்களா? எந்த விலங்கு என்பதை விட்டுவிடுங்கள். எப்படிச் செத்தது, செத்த பிறகு எப்படி வைத்திருந்தார்கள், இந்த இரண்டைக் கேளுங்கள்.

எப்படிச் செத்தது என்பதற்குக் கொல்கத்தாவைப் பாருங்கள். அதே 2018, ஏப்ரல் மாதம். குப்பைக்கிடங்கில் வீசிய செத்த விலங்குகளை அறுத்து, உறைகிடங்கில் வைத்து, ஓட்டல்களுக்கு விற்ற கூட்டம் பிடிபட்டது. டன் கணக்கில் கறி பறிமுதல். கேரளத்தில் இப்படிக் கேட்பாரற்று வரும் மலிவுக் கறிக்குச் "சுனாமி இறைச்சி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2023 ஜனவரியில் கொச்சிப் பக்கம் களமசேரியில் ஒரு வீட்டிலிருந்து சுமார் 500 கிலோ அழுகிய கோழியைக் கைப்பற்றினார்கள். ஷவர்மாவுக்குப் போகவிருந்ததாம்.

தானாகச் செத்ததில் ரத்தம் வடிந்திருக்காது. ரத்தம் நின்ற இடத்தில் கிருமி நிற்கும். கோடையில் பல்லடத்திலிருந்து லாரி ஏறும் பிராய்லர்களில் கொஞ்சம் வழியிலேயே செத்துவிடும். அவை குப்பைக்குத்தான் போகின்றன என்று நம்புகிறீர்களா? நான் நம்பவில்லை. உரித்த கோழி வாங்குகிறவர்கள் கழுத்தையும் இறக்கை நுனியையும் திருப்பிப் பாருங்கள். செந்நீலமாக ரத்தம் கட்டியிருக்கிறதா? தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் கறுப்புக் கோடாகத் தெரிகின்றனவா? வாங்காதீர்கள். பேரம்கூடப் பேசாதீர்கள்.

பொன்முடிக்கே உரிய ஒரு ஆபத்தும் இருக்கிறது. காட்டோரம் தங்கினால் யாராவது ஒருத்தர் குரலைத் தாழ்த்தி, "காட்டுப்பன்னி இருக்கு சேட்டா, வேணுமா?" என்று கேட்கலாம். ஆசைப்படாதீர்கள். முதல் காரணம் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சுற்றுலா வந்தவர் என்று சலுகை எதுவும் கிடையாது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட 2022-இல் கேரள அரசு உள்ளாட்சிகளுக்கு அனுமதி கொடுத்தது உண்மை. அதையும் புதைக்கத்தான் வேண்டும், தின்ன அல்ல. இரண்டாவது காரணம் தசை. கண்ணியில் சிக்கி மணிக்கணக்காகத் துடித்த விலங்கின் தசையில் சர்க்கரை ஒரு பொட்டுக்கூட மிஞ்சியிருக்காது. குடல் நீக்க எத்தனை நேரம் ஆனது என்பது யாருக்கும் தெரியாது. மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாதது. அதே 2022 ஜூனில் திருச்சூர் மாவட்டம் அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகள் ஆந்த்ராக்ஸ் வந்து செத்தன. அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். சாதாரணக் கொதிக்கு எளிதில் மசியாது. தின்பது இருக்கட்டும், அறுத்தவனுக்கும் கழுவியவளுக்கும் தோல் வழியாகவே தொற்றும்.

சரி, கடையில் நிற்கிறீர்கள். என்ன பார்ப்பது?

விரலால் அழுத்துங்கள். பள்ளம் மேலே எழும்பி வந்தால் நல்லது. அப்படியே குழிந்து நின்றால் வேண்டாம். விரலை எடுக்கும்போது நூல் இழுத்தால், கொழகொழ என்று வழுக்கினால், கடையை விட்டே வெளியே வாருங்கள்.

நிறம் ஏமாற்றும். இப்போதுதான் வெட்டிய உள்பக்கம் கொஞ்சம் ஊதா கலந்துதான் இருக்கும். காற்றுப் பட்டு அரை மணிக்குள் பளிச்சென்று சிவக்கும். நேரம் போகப் போகப் பழுப்பாகும். ஆகவே எல்லாத் துண்டும் ஒரே மாதிரி பளபளவென்று சிவந்திருந்தால் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். சிவப்பு பல்பு தொங்குகிறதா? அப்போது கறியை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

முத்திரை கேளுங்கள். கால்நடை மருத்துவர் பார்த்து அறுத்த உடலில் முத்திரை இருக்க வேண்டும். "துண்டு போட்டாச்சு, முத்திரை போயிடுச்சு" என்றால் தொங்குகிற தொடையில் காட்டச் சொல்லுங்கள்.

அரை கிலோ பிராய்லர் நெஞ்சுக்கறி கட்டை மாதிரி இறுகி, வெள்ளைக் கோடு கோடாக இருந்தால் அது வேகமாக வளர்த்த கோழியின் தசைக் கோளாறு. கேடில்லை, ருசியுமில்லை. எலும்பில்லாத கோழி வேண்டுமென்றால் சூடாக அறுத்த கையோடு எலும்பை எடுக்கச் சொல்லாதீர்கள். பிடிமானம் போன தசை சுருங்கிக் கடினமாகும். எலும்போடு வாங்கி, நாலு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைத்து, பிறகு எடுங்கள்.

மூக்கை முழுசாக நம்பாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதி அடுக்களையில் ஒட்டுங்கள். கறியை அழுகவைக்கும் கிருமி வேறு, ஆளைக் கவிழ்க்கும் கிருமி வேறு. சால்மோனெல்லா நாறாது. ஷிகெல்லா நாறாது. 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்டுப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 16 வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி உயிரையே விட்டாள். நோயாளிகளின் உடலில் கண்டது ஷிகெல்லா. அது தசையின் குற்றமல்ல. தண்ணீரும் கையும் செய்த வேலை. அதன் பிறகுதான் கேரளம் ஷவர்மாப் பொட்டலத்தில் தேதியும் நேரமும் எழுத வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்று விதி போட்டது. ஒரு வருஷம் கழித்து, 2023 செப்டம்பரில், நம் நாமக்கல்லிலும் 14 வயதுப் பிள்ளை ஷவர்மா சாப்பிட்டு இறந்தாள். பெற்றவர்களுக்கு என்ன சமாதானம் சொல்வது?

பயணத்துக்குக் கறி கொண்டுபோய்த்தான் ஆக வேண்டுமா? போகாமல் இருப்பதே உத்தமம் என்பேன். கேட்க மாட்டீர்கள், தெரியும். அப்படியென்றால் முந்தின நாள் காலையிலேயே வாங்குங்கள். ஃப்ரிட்ஜில், 5 டிகிரிக்குக் கீழே, மூடிய பாத்திரத்தில் ஒரு ராத்திரி இருக்கட்டும். ஆட்டுக்கு விறைப்பு பெரும்பாலும் விட்டிருக்கும். அமிலக் காவலும் வந்திருக்கும். அதற்குப் பிறகு ஐஸ் பெட்டி எந்தச் சுருக்கத்தையும் உண்டாக்காது. கறிக்குக் கீழேயும் ஐஸ், மேலேயும் ஐஸ். பெட்டி டிக்கியில் வேண்டாம், ஏசி படும் இடத்தில் இருக்கட்டும். கோழிக்கும் அதே பெட்டியில்தான் இடம். இடமில்லையா? கோழியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

ஐஸ் இல்லாமல் பச்சைக் கறி வெளியே இருக்கலாம் என்றால் மொத்தமே இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரி தாண்டினால் ஒரே மணி நேரம். கடையில் நின்ற நேரமும் அதில் சேர்த்தி.

சுடுகிறீர்களா? தடிமனான இடத்தைப் பிட்டுப் பாருங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தால் மறுபடி நெருப்பில் வையுங்கள். கோழியின் நடுப்பகுதி 74 டிகிரி தொட வேண்டும். டார்ச் அடித்தாவது பாருங்கள். பச்சைக் கறி இருந்த தட்டிலேயே சுட்டதை எடுத்து வைக்காதீர்கள். காட்டுப்பகுதியில் கண்ட இடத்தில் தீ மூட்டவும் கூடாது.

அதையும் மீறி வயிறு கலங்கினால் மாத்திரை போட்டு அடைக்கப் பார்க்காதீர்கள். முதலில் ஓஆர்எஸ். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், ஆறு மணி நேரமாகப் பிள்ளை ஒன்றுக்குப் போகவில்லை, கூப்பிட்டால் மந்தமாகப் பார்க்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மேலே ஆஸ்பத்திரி வசதி கிடையாது. மலை இறங்கி விதுரா வந்தால்தான் தாலுகா ஆஸ்பத்திரி. மஞ்சு இறங்கும் முன், மழை பிடிக்கும் முன் கிளம்பிவிடுங்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள் விஷயத்திலும் இதே அவசரம்தான்.

கடையில் வாங்கிச் சாப்பிட்டு ஆபத்து வந்தால் பில்லைக் கிழித்துப் போடாதீர்கள். மிச்சமிருக்கும் கறியைக் கொட்டாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், சோதிக்க அதுதான் வேண்டும். கேரள உணவுப் பாதுகாப்புத் துறையின் கட்டணமில்லா எண் 1800 425 1125. போனில் பதிந்துகொண்டு கிளம்புங்கள்.